மாகாண சபைத் தேர்தல் வந்தால் வடக்கு கிழக்கில் என்ன நடக்கும்? கட்சிகள், ஆசனக் கணக்கு, பிரிந்து நிற்பதன் விளைவு

கேள்வி இதுதான்: மாகாண சபைத் தேர்தல் வரப்போகிறது என்கிறார்கள். எந்த முறையில் நடக்கும், வடக்கு கிழக்கில் யார் யார் நிற்பார்கள், தமிழ்க் கட்சிகள் பிரிந்து நின்றால் ஆசனங்கள் பறிபோகுமா? மூன்றுக்கும் சேர்த்தே பதில் சொல்ல வேண்டும். முறை எது என்று தெரியாமல் ஆசனக் கணக்குப் பேச முடியாது. ஆசனக் கணக்குத் தெரியாமல் கூட்டுப் பற்றிப் பேசுவதும் வீண்.

முதலில் சட்டம். இலங்கை அரசியலமைப்புக்கு 1987 நவம்பரில் வந்த 13ஆவது திருத்தமும் அதே ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டமும் சபைகளை உருவாக்கின. தேர்தலை நடத்துவதற்கான விதிகள் 1988ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தில் இருக்கின்றன. 2014 செப்டெம்பரில் ஊவா மாகாணத்துக்கு நடந்ததே கடைசித் தேர்தல். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017இலும் வடக்கின் காலம் 2018 ஒக்டோபரிலும் முடிந்துவிட்டன. அன்றிலிருந்து ஆளுநரும் அதிகாரிகளும்தான் மாகாணத்தை நடத்துகிறார்கள். தெரிவான உறுப்பினர் ஒருவர்கூட இல்லை.

இவ்வளவு காலம் தேர்தல் நடக்காமல் போனதற்கு நேரடிக் காரணம் 2017ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கத் திருத்தச் சட்டம். பெண் வேட்பாளர் ஒதுக்கீட்டுக்காக வந்த சட்டமூலத்தில், குழுநிலை விவாதத்தின்போது தேர்தல் முறையையே மாற்றும் திருத்தங்களைச் சேர்த்து 2017 செப்டெம்பரில் நிறைவேற்றினார்கள். அதன்படி உறுப்பினர்களில் பாதிப்பேர் தொகுதிவாரியாகவும் மற்றப் பாதிப்பேர் விகிதாசாரப்படியும் தெரிவாக வேண்டும். தொகுதி வேண்டும் என்றால் எல்லை போட வேண்டும். எல்லை நிர்ணயக் குழு அறிக்கையும் தந்தது. 2018 ஓகஸ்ட் 24 அன்று அது நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தபோது ஆதரவாக ஒரு வாக்கும் இல்லை, எதிராக 139. கொண்டுவந்த அரசாங்கத்தின் உறுப்பினர்களே எதிர்த்து வாக்களித்தார்கள். சட்டப்படி அடுத்த படி, பிரதமர் தலைமையிலான மீளாய்வுக் குழு இரண்டு மாதத்துக்குள் அறிக்கை கொடுப்பது. அது வரவே இல்லை. எல்லை இல்லாததால் புதிய முறையில் நடத்த முடியாது. பழைய முறை சட்டத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டதால் அதிலும் நடத்த முடியாது. 2019இல் ஜனாதிபதி உயர் நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டபோதும் பழைய முறைக்குக் கதவு திறக்கவில்லை.

ஆகவே யாராவது "இத்தனையாம் மாதம் தேர்தல்" என்று சொன்னால், சட்டம் திருத்தப்பட்டதா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். வழி இரண்டுதான். பழைய விகிதாசார முறைக்குத் திரும்பும் திருத்தத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றலாம். அல்லது எல்லை நிர்ணயத்தை முடித்து அங்கீகரிக்கலாம். முதலாவது விரைவானது. தமிழரசுக் கட்சி உறுப்பினர்கள் இதற்கான தனிநபர் சட்டமூலங்களைக் கொண்டுவந்திருக்கிறார்கள். இரண்டாவது வழியில் முஸ்லிம் கட்சிகளுக்கும் மலையகக் கட்சிகளுக்கும் நியாயமான பயம் உண்டு. சிதறி வாழும் சமூகத்துக்குத் தொகுதிமுறை எப்போதும் பாதகம். கிராமம் கிராமமாகப் பிரிந்து கிடக்கும் ஐயாயிரம் வாக்குகள் விகிதாசாரத்தில் ஓர் உறுப்பினரைத் தரக்கூடும். தொகுதிகளாக வெட்டினால் அதே வாக்குகள் எல்லா இடத்திலும் தோற்கும்.

கீழே வரும் கணக்கு பழைய விகிதாசார முறைக்கானது. வடக்கு கிழக்குக் கட்சிகளில் பெரும்பாலானவை கேட்பதும் அந்த முறையைத்தான்.

வடக்கில் 2013இல் 38 ஆசனங்கள் இருந்தன. மாவட்டங்களிலிருந்து 36: யாழ்ப்பாணம் 16, வவுனியா 6, மன்னார் 5, முல்லைத்தீவு 5, கிளிநொச்சி 4. மீதி 2 போனஸ், அதாவது மாகாணம் முழுவதிலும் அதிக வாக்குப் பெறும் கட்சிக்குப் போகும் மேலதிக ஆசனங்கள். கிழக்கில் 2012இல் 37 ஆசனங்கள்: அம்பாறை 14, மட்டக்களப்பு 11, திருகோணமலை 10, போனஸ் 2. மாவட்ட ஒதுக்கீடு ஒவ்வொரு தேர்தலுக்கும் திரும்பக் கணக்கிடப்படுவது. எனவே இந்த எண்கள் கொஞ்சம் மாறக்கூடும்.

மாவட்டக் கணக்கு எளிது. செல்லுபடியான மொத்த வாக்குகளை ஆசன எண்ணிக்கையால் வகுத்தால் ஓர் ஆசனத்தின் பெறுமதி வரும். ஒவ்வொரு கட்சியின் வாக்கிலும் அந்தப் பெறுமதி எத்தனை முழுத் தடவை அடங்குகிறதோ அத்தனை ஆசனம். எஞ்சிய ஆசனங்கள், மீதி வாக்கு அதிகமுள்ள கட்சிக்கு முதலில் என்ற வரிசையில் போகும். நாடாளுமன்றத் தேர்தலுக்கும் இதற்கும் இரண்டு பெரிய வித்தியாசங்கள் உண்டு. அங்கே மாவட்டத்தில் முதலாவதாக வரும் கட்சிக்கு முதலிலேயே ஒரு போனஸ் ஆசனம். 5 வீதத்துக்குக் குறைவாக எடுத்தவர்களின் வாக்குகள் கணக்கிலிருந்தே நீக்கப்படும். மாகாண சபையில் இந்த இரண்டும் இல்லை. போனஸ் மாவட்டத்துக்கு அல்ல, முழு மாகாணத்துக்குமாக இரண்டு.

இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள 2024 நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலின் யாழ்ப்பாண முடிவை எடுத்துக்கொள்ளுங்கள். அநுர குமார திசாநாயக்கவின் தேசிய மக்கள் சக்தி ஏறத்தாழ 25 வீத வாக்குகளைப் பெற்று 6 ஆசனங்களில் 3ஐ எடுத்தது. தமிழரசுக் கட்சி 19 வீதத்துக்குச் சற்று மேல் பெற்றும் ஒரே ஓர் ஆசனம். தமிழ்க் காங்கிரசுக்கு ஒன்று, 17ஆம் இலக்கச் சுயேச்சைக் குழுவுக்கு ஒன்று. கால்வாசி வாக்குக்குப் பாதி ஆசனம் கிடைத்தது எப்படி? முதலிடத்துக்கான போனஸ் ஒன்று. பல சிறிய பட்டியல்கள் 5 வீதத்தைத் தொடாமல் விழுந்ததால் ஆசனப் பெறுமதி குறைந்தது. மீதி வாக்கிலும் தேசிய மக்கள் சக்தியே முன்னால் நின்றது. அதே வீதங்களை 16 ஆசனமுள்ள மாகாண சபைக் கணக்கில் போட்டால் தேசிய மக்கள் சக்திக்கு 4, தமிழரசுக்கு 3. பாதி இல்லை, கால்வாசிதான். 2024 முடிவை அப்படியே மாகாண சபைக்குப் பொருத்தி "யாழ்ப்பாணமே கைமாறிவிடும்" என்று சொல்பவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

மீதி வாக்கு எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு மன்னார் 2013 நல்ல உதாரணம். 5 ஆசனம், ஆகவே ஓர் ஆசனத்தின் பெறுமதி 20 வீதம். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு சுமார் 62 வீதம், அன்று நாட்டை ஆண்ட ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 28 வீதத்துக்குச் சற்று மேல், முஸ்லிம் காங்கிரஸ் எட்டரை வீதம். முதல் சுற்றில் 3, 1, 0. ஐந்தாவது ஆசனத்துக்கு ஆளும் கட்சியின் மீதியும் முஸ்லிம் காங்கிரசின் மொத்த வாக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவில் மோதின. மயிரிழையில் முஸ்லிம் காங்கிரசுக்குப் போனது. மன்னார் 3, 1, 1 என்று முடிந்தது. திருகோணமலையில் 2012இல் தேசிய சுதந்திர முன்னணி பத்தாயிரத்துக்கும் குறைவான வாக்குகளோடு ஓர் ஆசனம் எடுத்ததும் இதே மீதி வாக்கினால்தான்.

இப்போது "பிரிந்தால் ஆசனம் போகும்" என்ற வாதத்துக்கு வருவோம். மாவட்ட அளவில் இது பாதி உண்மை. 4 ஆசனமுள்ள மாவட்டம் ஒன்றை வைத்துக்கொள்வோம், பெறுமதி 25 வீதம். ஒரு கூட்டு 60 வீதமும் எதிர்த்தரப்பு 40 வீதமும் எடுத்தால் 2க்கு 2. அதே 60 வீதம் 42, 18 என்று இரண்டு பட்டியல்களாகப் பிரிந்தால் 2, 1 என்று மூன்று ஆசனம் கிடைக்கும், எதிர்த்தரப்புக்கு ஒன்றுதான். பிரிந்ததால் லாபம். ஆனால் 64க்கு 36 என்றால் சேர்ந்து நின்றபோது 3க்கு 1. அந்த 64ஐ 32, 32 என்று சரிபாதியாகப் பிரித்தால் 2க்கு 2, ஒன்று பறிபோகும். இது தமிழ்க் கட்சிகளுக்கு மட்டுமான கணக்கு இல்லை, எந்தத் தரப்புக்கும் இதுதான். கணக்கைப் போட்டுப் பார்க்காமல், பிரிந்தால் கட்டாயம் நட்டம் என்றும் சொல்ல முடியாது, ஒன்றுமே ஆகாது என்றும் சொல்ல முடியாது.

உண்மையான இழப்பு வேறு இடத்தில். அந்த இரண்டு போனஸ் ஆசனங்களும் முதலமைச்சர் பதவியும்தான் அது. மாகாணம் முழுவதிலும் அதிக வாக்குப் பெற்ற ஒரு கட்சிக்கு இரண்டு போனசும் மொத்தமாகப் போகும். பகிர்ந்துகொள்வது இல்லை. 2012 கிழக்கில் ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு இரண்டு இலட்சத்துக்குச் சற்று மேல், தமிழரசுக் கட்சி ஒரு இலட்சத்து 94 ஆயிரத்துக்குச் சற்றுக் கீழ். வித்தியாசம் ஏறத்தாழ 6,200 வாக்குகள். மாவட்டங்களில் 12க்கு 11 என்று இருந்த கணக்கு, போனசோடு 14க்கு 11 ஆனது. 6,200 வாக்குகள் மறுபக்கம் விழுந்திருந்தால் 12க்கு 13. அப்போதும் 37இல் பெரும்பான்மைக்கு 19 வேண்டும், 7 ஆசனம் வைத்திருந்த முஸ்லிம் காங்கிரஸ்தான் முடிவு செய்திருக்கும். ஆனால் யார் யாரைத் தேடிப் போய்ப் பேசுவது என்பது தலைகீழாகியிருக்கும்.

முதலமைச்சர் நியமனத்தில் அரசியலமைப்பு தெளிவாக இருக்கிறது. ஒரு கட்சிக்குச் சபையில் பாதிக்கு மேல் உறுப்பினர் இருந்தால், அந்தக் கட்சியின் சபைத் தலைவரை ஆளுநர் நியமித்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் பெரும்பான்மை ஆதரவு யாருக்கு உண்டு என்பது ஆளுநரின் அபிப்பிராயம். ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. 38 பேர் கொண்ட சபையில் ஒரே பட்டியலில் 20 பேர் வந்தால் ஆளுநருக்குத் தெரிவு கிடையாது. அதே 20 பேர் மூன்று பட்டியல்களில் வந்தால் எண்ணிக்கை ஒன்றுதான், ஆனால் கதவு ஆளுநர் மாளிகையில் திறக்கும். ஒற்றுமை பற்றி மேடையில் உணர்ச்சியாகப் பேசுவதைவிட இந்த ஒரு விதியை மக்களுக்கு விளக்கினால் போதும்.

இனிக் கட்சிகள். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு ஒருபோதும் பதிவு செய்யப்பட்ட கட்சியாக இருக்கவில்லை. 2004 முதல் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில்தான் நின்றது. 2013 வடக்கில் வீடு 30 ஆசனங்களை எடுத்தது, சுதந்திரக் கூட்டமைப்பு 7, முஸ்லிம் காங்கிரஸ் 1. அந்தக் கூட்டு 2023 ஜனவரியில் உள்ளூராட்சித் தேர்தலுக்கான வேட்புமனு நேரத்தில் உடைந்தது. தமிழரசுக் கட்சி தனியாகப் போனது. முன்னாள் ஆயுத இயக்கங்களிலிருந்து வந்த கட்சிகளான புளொட், ரெலோ, ஈபிஆர்எல்எஃப் ஆகியவை ஜனநாயக தமிழ்த் தேசியக் கூட்டணியாகச் சேர்ந்தன. 2024 ஜனாதிபதித் தேர்தலில் தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற அரியநேத்திரனின் சங்குச் சின்னத்தை நாடாளுமன்றத் தேர்தலில் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அது தனிக் கசப்பாகவும் இருந்தது.

சைக்கிள் சின்னத்தின் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ், அதாவது கஜேந்திரகுமார் பொன்னம்பலத்தின் தமிழ்த் தேசிய மக்கள் முன்னணி, 2013 மாகாண சபைத் தேர்தலில் போட்டியிடவில்லை. 13ஆவது திருத்தத்தைத் தீர்வின் தொடக்கப் புள்ளியாகக்கூட ஏற்க முடியாது என்பது அவர்களின் நிலைப்பாடு. இந்த முறை அவர்கள் நிற்பதும் நிற்காததும் யாழ்ப்பாணத்தின் மீதி வாக்குக் கணக்கை நேரடியாக மாற்றும். டக்ளஸ் தேவானந்தாவின் ஈபிடிபி, வீணைச் சின்னத்தோடு, யாழ்ப்பாணத்தை ஒட்டிய தீவகத்தில் வழமையாக வலுவானது. 2024இல் நாடாளுமன்ற ஆசனத்தை இழந்தாலும், அன்று அவர்கள் எடுத்த ஐந்தரை வீதம் 16 ஆசனக் கணக்கில் ஓர் ஆசனத்துக்குப் போதுமானது. தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டி 2024இல் மட்டக்களப்பைத் தவிர வடக்கு கிழக்கின் எல்லாத் தேர்தல் மாவட்டங்களிலும் முதலிடம் பிடித்தது. 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் யாழ்ப்பாணத்தில் அந்த வேகம் குறைந்து, தமிழரசு மீண்டும் முன்னுக்கு வந்தது. இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

கிழக்கில் கணக்கு வேறு. மரச் சின்னத்தின் முஸ்லிம் காங்கிரஸ், மயில் சின்னத்தின் அகில இலங்கை மக்கள் காங்கிரஸ், தொலைபேசியின் ஐக்கிய மக்கள் சக்தி, மட்டக்களப்பில் படகுச் சின்னத்தின் தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் எல்லோரும் களத்தில் இருப்பார்கள். எந்த ஒரு கட்சியும் தனியாக 19 எடுப்பது கிழக்கில் மிகக் கடினம். 2012இல் முஸ்லிம் காங்கிரஸ் ஆளும் தரப்போடு சேர்ந்து நஜீப் அப்துல் மஜீத்தை முதலமைச்சராக்கியது. 2015 பெப்ரவரியில் அதே சபையில் முஸ்லிம் காங்கிரசின் நசீர் அஹமட் முதலமைச்சரானார், பின்னர் தமிழரசு உறுப்பினர்கள் அமைச்சர்களானார்கள். ஆகவே கிழக்கில் வாக்களிப்பவர் கட்சியின் விஞ்ஞாபனத்தோடு, தேர்தலுக்குப் பிறகு யாரோடு சேர மாட்டோம் என்று அந்தக் கட்சி வாய் திறந்து சொல்கிறதா என்பதையும் கேட்க வேண்டும்.

பட்டியல் தயாரிக்கிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில. வேட்பாளர் எண்ணிக்கை ஆசனத்தைவிட மூன்று கூட. யாழ்ப்பாணத்துக்கு 16 என்றால் 19 பேர், கிளிநொச்சிக்கு 7. பட்டியல் முழுமையாக இருக்க வேண்டும். கூட்டாக நின்றாலும் சட்டத்தின் கண்ணில் ஒரு கட்சிதான் உண்டு, பொறுப்பானவர் அந்தச் சின்னத்துக்குரிய கட்சியின் செயலாளர். போனஸ் ஆசனத்துக்குப் பெயர் கொடுப்பதும் அவரே. பங்காளிக் கட்சிகள் "பிறகு பார்த்துக்கொள்வோம்" என்று விடக்கூடாத இடம் இது. 2013இல் கூட்டமைப்பு ஒரு போனசை முஸ்லிம் உறுப்பினருக்கும் மற்றதைப் பங்காளிகளிடையே சுழற்சி முறையிலும் கொடுக்க முடிவு செய்தது. அப்படியான இணக்கம் வேட்புமனுவுக்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும்.

வேட்புமனு நிராகரிக்கப்படுவது பெரும்பாலும் சிறு காரணங்களால்: ஒருவரின் கையொப்பம் இல்லை, பிரிவினைக்கு ஆதரவளிக்க மாட்டேன் என்று 6ஆவது திருத்தம் கோரும் சத்தியக் கடதாசி இணைக்கப்படவில்லை, கொண்டுவந்தவர் அதிகாரமளிக்கப்பட்ட முகவர் இல்லை, நண்பகல் 12 மணி தாண்டிவிட்டது. 2025 உள்ளூராட்சித் தேர்தலில் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியை உறுதிப்படுத்தியதில் இருந்த குறைகளால் பல பட்டியல்கள் தள்ளப்பட்டு விடயம் நீதிமன்றம் வரை போனது. கடைசி நாள் காலையில் மாவட்டச் செயலகத்துக்குப் போவது ஆபத்து. பிழை இருந்தால் திருத்த நேரம் இருக்காது. 2013இல் வேட்புமனுக் காலம் ஜூலை 25 முதல் ஓகஸ்ட் 1 நண்பகல் வரை, வாக்களிப்பு செப்டெம்பர் 21. அறிவித்தல் வந்தபின் ஆயத்தம் செய்ய மூன்று வாரம்தான் என்று எண்ணிக்கொள்ளலாம். செலவுக் கணக்கையும் மறக்க வேண்டாம். 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டத்தின்படி முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் கணக்குக் காட்ட வேண்டும், தோற்றவர்களும்தான்.

வாக்காளருக்கு: வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கிறதா என்று கிராம அலுவலரிடமோ தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையத்திலோ இப்போதே பாருங்கள். வாக்காளர் அட்டை வராவிட்டாலும், இடாப்பில் பெயரும் கையில் தேசிய அடையாள அட்டையும் இருந்தால் வாக்களிக்கலாம். கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், ஓய்வூதியர் அட்டை, முதியோர் அட்டை என்பனவும் ஏற்கப்படும். அடையாள அட்டை தொலைத்தவர்கள் தேர்தலுக்கு முன்கூட்டியே தற்காலிக அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

வாக்குச்சீட்டில் மேலே கட்சிப் பெயர்களும் சின்னங்களும், கீழே வேட்பாளர் இலக்கங்கள் மட்டும். பெயர் அச்சிடப்பட்டிருக்காது. விருப்பமானவரின் இலக்கம் மனதில் இருக்க வேண்டும். முதலில் ஒரே ஒரு கட்சிக்கு எதிரே ஒரு புள்ளடி. பிறகு அந்தக் கட்சியின் வேட்பாளர் இலக்கங்களில் ஒன்று, இரண்டு அல்லது மூன்றுக்குப் புள்ளடி. கட்சிக்குப் போடாமல் இலக்கத்துக்கு மட்டும் போட்டால் முழு வாக்கும் நிராகரிக்கப்படும். விருப்பு வாக்கில்லாமல் கட்சிக்கு மட்டும் போட்டால் செல்லும். மூன்றுக்கு மேல் இலக்கங்களைக் குறித்தால் கட்சி வாக்கு செல்லும், விருப்பு வாக்குகள் எல்லாம் வீணாகும். இரண்டு கட்சிக்குப் போட்டால் ஒன்றும் செல்லாது. மூத்தவர்களுக்கு ஒரு தாளில் கட்டம் வரைந்து காட்டி விளங்கப்படுத்துங்கள். கட்சியை விட்டுவிட்டு இலக்கத்துக்கு நேரே போகும் பிழைதான் அடிக்கடி நடக்கிறது.

கட்சி வெல்லும் ஆசன எண்ணிக்கை வேறு, அந்த ஆசனங்களில் யார் உட்காருவது என்பது வேறு. இரண்டாவதை விருப்பு வாக்குத்தான் தீர்மானிக்கிறது. ஒரே பட்டியலில் இருக்கும் பங்காளிக் கட்சிக்காரர்கள் ஒருவரையொருவர் வெட்டுவது இங்கேதான். வெற்றிடம் வந்தாலும் அடுத்த விருப்பு வாக்குக்காரரே உள்ளே வருவார், அவர் வேறு பங்காளிக் கட்சியைச் சேர்ந்தவராக இருக்கலாம்.

சபை வந்தால் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு: தேசிய பாடசாலைகள் தவிர்ந்த பாடசாலைகள், ஆதார வைத்தியசாலைகளும் அதற்குக் கீழ்ப்பட்டவையும், மாகாண வீதிகள், விவசாயம், கூட்டுறவு, உள்ளூராட்சி சபைகளின் மேற்பார்வை ஆகியவை நடைமுறையில் மாகாணத்திடம் உள்ளன. முதலமைச்சரோடு நான்கு அமைச்சர்கள், அதற்கு மேல் இல்லை. பொலிஸ், காணி அதிகாரங்கள் எழுத்தில் இருந்தும் கொடுக்கப்படவில்லை. அவற்றைக் கொடுப்பதாக எந்த மாகாண சபை வேட்பாளரும் வாக்குறுதி தர முடியாது, அது கொழும்பில் முடிவாகும் விடயம். ஆனால் வன்னிப் பாடசாலைக்குக் கணித ஆசிரியரை யார் அனுப்புவது, கிராமப்புற வைத்தியசாலையின் மருந்துப் பற்றாக்குறைக்கு யாரைக் கேள்வி கேட்பது என்பதற்கு இன்று பதில் சொல்லத் தெரிவான ஆள் இல்லை. உங்கள் வீட்டு வாசலுக்கு வரும் வேட்பாளரிடம் இந்த ஐந்தாறு துறைகளில் எதில் என்ன செய்வார் என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல முடியாமல் இனப்பிரச்சினைத் தீர்வு பற்றி மட்டும் பேசுகிறவர், நாடாளுமன்றத் தேர்தலுக்கான பேச்சை இங்கே பேசுகிறார்.